டேங்கில் எதை ஊற்றுவது? டை காஸ்டிங் ஷாப்புக்கு ஏற்ற தீத்தாங்கும் ஹைட்ராலிக் திரவங்கள்

போன கோடையில், கோவை குறிச்சிப் பக்கம் உருகிய அலுமினியத்தை அழுத்தத்தோடு அச்சுக்குள் செலுத்தி வார்க்கும் ஒரு சின்ன டை காஸ்டிங் ஷாப்பிலிருந்து காலையிலேயே கூப்பிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது தீ அணைந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. 400 டன் மெஷினில், உலோகத்தை அச்சுக்குள் தள்ளும் ஷாட் சிலிண்டருக்கு ஆயில் கொண்டுபோகும் ஹோஸில் குண்டூசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை. அதற்கு நேர் எதிரே ஆறடி தள்ளி ஹோல்டிங் பர்னஸ், உள்ளே 680 டிகிரியில் அலுமினியம். ஆயில் சொட்டவும் இல்லை, ஒழுகவும் இல்லை. கொசு மருந்துப் புகை மாதிரிப் பீய்ச்சிக்கொண்டு போயிருக்கிறது. "கேஸ் அடுப்பு பத்திக்கிற மாதிரி பப்புன்னு ஒரு சத்தமுங்க, அவ்வளவுதான்" என்றார் ஆபரேட்டர். நல்ல மனுஷன், பக்கெட்டைத் தேடி ஓடாமல் முதலில் பம்ப் மோட்டாரை நிறுத்தியிருக்கிறார். பீய்ச்சல் நின்றதும் தீயும் சுருங்கிவிட்டது. கூரைத் தகடு கருத்து, கொஞ்சம் ஒயர் கருகி, ஒரு ஷிப்ட் போனதோடு சரி. யாருக்கும் காயமில்லை.

முதலாளி மேஜை மேல் மூன்று கொட்டேஷன்களைப் பரப்பி வைத்திருந்தார். "ஏனுங்க சார், எரியாத ஆயில்னு ஒண்ணு விக்கிறாங்களாமே. அதை ஊத்திட்டா இந்தத் தொல்லை தீந்துருங்களா?"

மூன்றிலும் 'ஃபயர் ரெசிஸ்டன்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஆனால் உள்ளே இருந்தவை ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மூன்று திரவங்கள். ஒன்றில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். இன்னொன்று தாவர எண்ணெயின் தூரத்துச் சொந்தமான எஸ்டர். மூன்றாவது பாஸ்பேட் எஸ்டர். விலையும் அதே வரிசையில் படிப்படியாக ஏறியது. அன்று அவரிடம் சொன்னதையும், பிறகு அந்த ஷாப்பில் ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துச் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள்.

முதலில் அந்த 'எரியாத' என்ற சொல். வழக்கமாக ஊற்றும் மினரல் (பெட்ரோலிய) ஹைட்ராலிக் ஆயிலின் ஃபிளாஷ் பாயின்ட், அதாவது தீயைக் காட்டினால் அதன் ஆவி பற்றத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 200 முதல் 230 டிகிரி. ஒரு தட்டில் ஊற்றித் தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோனால் அது அவ்வளவு சுலபமாகப் பற்றாது. அதனால்தான் பல பேருக்கு அதைக் கண்டு பயமே இல்லை. அதையே 140 பார் அழுத்தத்தில் ஓர் ஊசி ஓட்டை வழியாக விட்டுப் பாருங்கள். காற்றோடு கலந்த பனிமூட்டமாகிறது. பற்றிய பிறகு, பம்ப் ஓடும் வரை அதற்குப் புது எரிபொருள் போய்க்கொண்டே இருக்கும். தீயணைப்புக் கருவியால் அடித்து அணைத்தாலும், பர்னஸ் பக்கத்திலேயே இருப்பதால் மறுபடி பிடிக்கும்.

680 டிகிரி உலோகத்தின் முன்னால் நிற்கக்கூடிய ஹைட்ராலிக் திரவம் எதுவும் கிடையாது. இருப்பதிலேயே முரட்டுத்தனமான பாஸ்பேட் எஸ்டர்கூடத் தானாகப் பற்றும் வெப்பநிலை 600-ஐ ஒட்டித்தான். ஆகவே 'பற்றுமா' என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வரும். சூட்டைவிட்டு விலகியதும் தீ தன்னால் அணைகிறதா, இல்லை பீய்ச்சல் நீளத்துக்கும் ஓடிப் பரவுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். தொழிற்சாலைப் பொருள்களைச் சோதித்துச் சான்று தரும் எஃப்.எம். அப்ரூவல்ஸ் அமைப்பின் 6930 எண் சோதனையும் இதைத்தான் அளக்கிறது. திரவத்தைச் சூடாக்கி, அழுத்தத்தில் பீய்ச்சி, தீ வைத்து, எவ்வளவு வெப்பம் வெளியாகிறது என்று பார்க்கிறார்கள். கொட்டேஷனில் அந்த அங்கீகாரம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் 'ஃபயர் ரெசிஸ்டன்ட்' என்பது வெறும் லேபிள்தான்.

இந்தத் திரவங்கள் இவ்வளவு தீவிரமாகச் சோதிக்கப்பட ஒரு துயரமான காரணம் உண்டு. 1956 ஆகஸ்ட் 8, பெல்ஜியத்தின் மார்சினெல் ஊரில் புவா து காஸியே நிலக்கரிச் சுரங்கம். 975 மீட்டர் ஆழத்தில், லிஃப்ட் கூண்டில் சரியாக ஏறாமல் வெளியே துருத்திக்கொண்டிருந்த ஒரு தள்ளுவண்டியோடு கூண்டு மேலே கிளம்பிவிட்டது. அது இடித்ததில் அழுத்தத்தில் இருந்த எண்ணெய்க் குழாய், மின் கேபிள், காற்றுக் குழாய் மூன்றும் ஒரே இடத்தில் அறுந்தன. எண்ணெய், தீப்பொறி, காற்று. 262 பேர் இறந்தார்கள், அதில் 136 பேர் பிழைப்புக்காக வந்த இத்தாலியர்கள். அதன் பிறகு ஐரோப்பிய நிலக்கரி எஃகுச் சமூகம் அமைத்த சுரங்கப் பாதுகாப்பு ஆணையத்திலிருந்து வந்தவைதான், இன்றும் சப்ளையர்கள் காட்டும் 'லக்சம்பர்க் அறிக்கை' சோதனைகள். நம் ஷாப்பில் நடந்ததும் அதே கதையின் குட்டி வடிவம்தான். ஆயில் லைனும், சூடும், பக்கத்தில் ஒயரும்.

பேரல் மேல் இருக்கும் எழுத்துகளுக்கு வருவோம். ஐ.எஸ்.ஓ. 6743-4 வகைப்பாட்டில் தீத்தாங்கும் திரவங்கள் எல்லாம் எச்.எஃப். என்று தொடங்கும். அடுத்த எழுத்துதான் ஆளைக் காட்டும்.

எச்.எஃப்.ஏ. என்பது கிட்டத்தட்டத் தண்ணீரேதான், 95 சதவீதம் போலத் தண்ணீர். நிலத்துக்கடியில் நீளச் சுவராக வெட்டிப்போகும் லாங்வால் நிலக்கரிச் சுரங்கங்களில் கூரையைத் தாங்கும் ஜாக்குகளுக்கு இதுதான் ஓடுகிறது. நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம் என்பதால் அங்கே அதற்கு வேலையில்லை. நம் மெஷின் பம்பில் ஊற்றினால் பிசுபிசுப்பே இல்லாமல் ஒரே நாளில் பம்பைத் தின்றுவிடும். விடுங்கள். எச்.எஃப்.பி. என்பது எண்ணெய்க்குள் தண்ணீரைத் துளித்துளியாகக் கலந்த வெள்ளைக் குழம்பு. நிறுத்தி வைத்தால் பிரியும். இன்று புதிதாக யாருக்கும் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பாஸ்பேட் எஸ்டர், அதாவது எச்.எஃப்.டி.ஆர்., கொஞ்சம் நின்று பேச வேண்டிய ஆள். தீயைத் தாங்குவதில் தண்ணீர் கலக்காத திரவங்களில் இதுதான் முதலிடம். தீயை எடுத்தால் தானாகவே அணைந்துவிடும். பயணிகள் விமானங்களில் ஓடும் ஊதா நிற ஸ்கைட்ரால் இந்தக் குடும்பம்தான். கண்ணில் ஒரு துளி பட்டவர் அதை ஆயுசுக்கும் மறக்க மாட்டார். 500 மெகாவாட் அனல்மின் டர்பைன்களில் 'எஃப்.ஆர்.எஃப்.' என்று கன்ட்ரோல் ரூம்காரர்கள் சொல்வதும் இதைத்தான். 540 டிகிரி நீராவிக் குழாய்க்குப் பக்கத்திலேயே வால்வை இயக்கும் லைன் போவதால் அங்கே வேறு வழியில்லை.

ஆனால் மின்நிலையத்தில் இதைக் கவனிக்கத் தனி ஆட்கள் உண்டு. தண்ணீர் பட்டால் இது உடைந்து அமிலமாகும், அமிலம், ஆயில் ஓட்டத்தை நுணுக்கமாகக் கட்டுப்படுத்தும் சர்வோ வால்வின் விளிம்பை அரிக்கும். அதனால் அமிலத்தை உறிஞ்சும் ஃபுல்லர்ஸ் எர்த் என்ற களிமண் அல்லது ரெசின் ஃபில்டர் வழியாக ராப்பகலாகச் சுற்றவிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சாதாரண கறுப்பு நைட்ரைல் ஓ-ரிங் இதில் ஊறி உப்பிவிடும், எல்லா சீலையும் மாற்ற வேண்டும். சாதாரண பெயின்டைக் கரைத்துவிடும். லிட்டருக்கு 1.1 கிலோவுக்கு மேல் எடை. டர்பைன்களில் ஓடும் டிரைசைலைல் பாஸ்பேட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் அதிகக் கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. நாலு மெஷின் வைத்திருக்கும் டை காஸ்டிங் ஷாப்புக்கு இது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. மூன்றாவது கொட்டேஷனை மடித்து டிராயரில் போடச் சொல்லிவிட்டேன்.

இங்கே ஒரு கிளைக்கதை. டை காஸ்டிங்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில், படகு மோட்டார் செய்த ஒரு தொழிற்சாலை தன் டை காஸ்டிங் மெஷின்களுக்குப் பி.சி.பி. என்ற, எளிதில் மக்காத நச்சு ரசாயனம் கலந்த தீத்தாங்கும் ஹைட்ராலிக் திரவத்தைப் பல வருஷம் வாங்கி ஓட்டியது. தீ விஷயத்தில் அது தங்கம். ஆனால் மெஷின் இருந்தால் ஒழுகத்தானே செய்யும். ஒழுகியது தரை வடிகால் வழியாக வாக்கீகன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தத் துறைமுகத்தின் அடிச்சேற்றைச் சுத்தம் செய்ய அரசாங்கத்துக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. இன்று விற்கும் திரவங்களில் பி.சி.பி. இல்லை. இருந்தாலும், டேங்கில் ஊற்றுவது ஒரு நாள் தரையிலும் வடிகாலிலும் இருக்கும் என்பதை நினைவில் வைத்துத்தான் கீழே உள்ள இரண்டையும் ஒப்பிடுகிறேன்.

ஆக மிச்சம் இரண்டு. எச்.எஃப்.சி. என்ற வாட்டர் கிளைக்கால், எச்.எஃப்.டி.யு. என்ற பாலியால் எஸ்டர். உண்மையான போட்டி இவற்றுக்குள்தான்.

தண்ணீர் உள்ளது

வாட்டர் கிளைக்காலில் 35 முதல் 45 சதவீதம் வரை தண்ணீர் இருக்கும். மீதி கிளைக்காலும், பிசுபிசுப்புக்காகச் சேர்த்த பாலிமரும், துருப்பிடிக்காமல் இருக்க மருந்தும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்காக உருவான சரக்கு. சூட்டில் பட்டதும் முதலில் தண்ணீர் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சும், அந்த நீராவியே தீயை மூடும். நான் பார்த்தவரை, ஓட்டையிலிருந்து பர்னஸ் மேல் பீய்ச்சும்போது வெள்ளையாக ஆவி கிளம்பும், நாலு பேர் பதறுவார்கள், தீ பரவாது. தீ ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுப்பதானால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும்.

தண்ணீர் இருக்கிறதே, உருகிய அலுமினியத்தோடு சேர்ந்தால் வெடிக்காதா என்று எல்லோரும் கேட்பார்கள். நியாயமான பயம். உருகிய உலோகத்துக்கு அடியில் எந்த ஈரம் சிக்கினாலும் ஆபத்துதான். மேலே தெறித்தது ஆவியாகிப் போய்விடும். டை மேல் ஷாட்டுக்கு ஷாட் அடிக்கும் ஸ்பிரேவும் தண்ணீர்தானே, அதோடு நாம் பழகியிருக்கிறோம். மெஷினுக்கு அடியில் குட்டை தேங்க விடாமல் இருந்தால் போதும். அதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. சிந்திய கிளைக்கால் காப்புக் கம்பளியில் ஊறி, நாள்பட்டுத் தண்ணீர் மட்டும் போய்விட்டால், மிஞ்சுவது எரியும்.

இப்போது மெஷின் பக்கம். தண்ணீர் கலந்த எதுவும் எண்ணெய் அளவுக்குப் பேரிங்கைத் தாங்காது. மினரல் ஆயிலில் ஓடும் பம்பை வாட்டர் கிளைக்காலில் ஓட்டினால் பேரிங் ஆயுள் பாதிக்கும் கீழே இறங்குவது சகஜம். அதனால்தான் பம்ப் கம்பெனிகள் கேட்டலாகில் இதற்கென்று குறைந்த அழுத்தம், குறைந்த வேகம் என்று தனிப் பத்தி போட்டிருப்பார்கள். கையேட்டில் அந்தப் பத்தி இல்லையென்றால் கேட்காமல் ஊற்றாதீர்கள். எடையும் கூட, மினரல் ஆயில் லிட்டருக்கு 870 கிராம் என்றால் இது 1,070 போல. டேங்குக்கு மேலே உட்கார்ந்து உறிஞ்சும் பம்புகள் இதை இழுக்கத் திணறும், கூழாங்கல் உருட்டுகிற மாதிரிச் சத்தம் போடும். பம்பை விட டேங்க் உயரமாக இருந்தால் நிம்மதி.

அடுத்தது இதற்குப் பிடிக்காத பொருள்கள். துத்தநாகம், காட்மியம், மெக்னீசியம் மூன்றையும் தாக்கும். ஜி.ஐ. பைப், ஜிங்க் பூச்சுப் போட்ட ஃபிட்டிங் எல்லாம் சோப்புக் கூழ் மாதிரிக் கசடைக் கிளப்பி ஃபில்டரை அடைக்கும். காகித ஃபில்டர் ஊறிப் பிய்ந்துவிடும். கண்ணாடி இழை அல்லது ஸ்டீல் வலைக்கு மாற்ற வேண்டும். நம் ஊரில் எந்த டேங்கைத் திறந்தாலும் உள்ளே ரெட் ஆக்சைடு அடித்திருப்பார்கள். வாட்டர் கிளைக்கால் ஊற்றின ஒரு மாதத்தில் அது வெயிலில் உரியும் தோல் மாதிரிச் சுருள் சுருளாகக் கழன்று வரும். ஒருமுறை ஒரு ரிலீஃப் வால்வைக் கழற்றியபோது உள்ளே தாமரை இதழ் போலச் செங்காவி நிறத்தில் ஒரு சுருள் உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து, டேங்கை உள்ளே உரித்துச் சுரண்டாமல் இதை ஊற்றச் சம்மதிப்பதில்லை. டேங்க் மூடியின் உள்பக்கத்தையும் பார்க்க வேண்டும், ஆவி படிந்து முதலில் துருப்பிடிப்பது அங்கேதான்.

இதெல்லாம் ஒருமுறை செய்கிற வேலை. வாராவாரம் செய்கிற வேலை ஒன்று உண்டு, அங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். டேங்க் சூடு 50 டிகிரிக்குள் இருந்தால் மெதுவாக, 60-ஐ எட்டினால் வேகமாக. ஏப்ரல் மே மாதங்களில் வெளியே 38, தகட்டுக் கூரைக்கு அடியில் அதற்கும் மேலே. ஆயில் கூலர் உப்பு அடைத்துக் கிடந்தால் டேங்க் 60-ஐத் தாண்டுவது சாதாரணம். தண்ணீர் குறையக் குறைய திரவம் கெட்டியாகும், தீத்தாங்கும் குணமும் குறையும். எந்தக் காரணத்துக்காக வாங்கினோமோ அதுவே கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிறது.

அளப்பது கஷ்டமில்லை. சி.என்.சி. ஷாப்பில் கூலன்ட் பார்க்கிற அதே ரிஃப்ராக்டோமீட்டர் போதும். கண்ணாடி மேல் ஒரு சொட்டு, மூடியை மூடி, ஜன்னல் பக்கம் திருப்பி ஒற்றைக் கண்ணால் பார்த்தால் நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு தெரியும். அந்த எண்ணைச் சப்ளையர் கொடுத்த அட்டவணையில் பார்த்தால் தண்ணீர் எவ்வளவு என்று வந்துவிடும். கோடு மேலே ஏறினால் தண்ணீர் குறைந்திருக்கிறது. கணக்கும் எளிது. டேங்கில் 1,000 கிலோ திரவம், இருக்க வேண்டிய தண்ணீர் 40 சதவீதம், இருப்பது 36 என்றால், சேர்க்க வேண்டியது சுமார் 67 லிட்டர். 40 லிட்டர் என்று மனக்கணக்குப் போடுவார்கள். ஊற்றும் தண்ணீர் மொத்த எடையையும் கூட்டுகிறது என்பதை மறந்துவிடுவதால் வருகிற தப்பு அது.

எந்தத் தண்ணீர் என்பது அதைவிட முக்கியம். டிஸ்டில்டு அல்லது டி.எம். வாட்டர்தான், நாம் பேட்டரித் தண்ணீர் என்கிறோமே அது. போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியம் மருந்தோடு சேர்ந்து பிசினாகும். சிறுவாணித் தண்ணீர் குடிக்க அமிர்தம், டேங்குக்கு அதுவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நைட் ஷிப்டில் டேங்கில் லெவல் குறைந்து அலாரம் கத்தும்போது, பூட்டிய ஸ்டோரில் பேட்டரித் தண்ணீர், பக்கத்தில் திறந்தால் கொட்டும் குழாய். ஆபரேட்டர் எதை எடுப்பார்? அவர் மேல் தப்பே இல்லை.

எஸ்டர்

பாலியால் எஸ்டரின் கதை நேர்மாறு. மெஷினுக்கு இது பழைய நண்பன் மாதிரி. நைட்ரைல் சீல், பெரும்பாலான பெயின்ட், பழைய பம்ப், பழைய அழுத்தம் எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். வழவழப்பு மினரல் ஆயிலுக்குச் சமம், சில சமயம் மேல். சூட்டிலும் குளிரிலும் பிசுபிசுப்பு அவ்வளவாக மாறாது. ஃபிளாஷ் பாயின்ட் 250-க்கு மேல், பற்றிய தீ நின்று எரியும் ஃபயர் பாயின்ட் 300-க்கு மேல். மினரல் ஆயிலோடு கலக்கும், அதனால் மாற்றுவது சுலபம். மண்ணில் மக்கும். எஃகு ஆலைகளில் உருகிய எஃகை வார்க்கும் காஸ்டர் பகுதிகளில் இது பரவியதற்குக் காரணம், மெஷினைத் தொடாமல் திரவத்தை மட்டும் மாற்ற முடிகிறது என்பதுதான்.

ஆனால் இது எரியும். அதை ஒளிக்க வேண்டாம். பீய்ச்சலில் பற்றினால் தீச்சுவாலை சிறியதாக, சோம்பலாக இருக்கும், சூட்டைவிட்டு விலகினால் அணையப் பார்க்கும். ஆனால் பர்னஸ் வாய் எதிரே, பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால், எரிந்துகொண்டும் இருக்கலாம். வாட்டர் கிளைக்கால் தரும் நிம்மதி இதில் இல்லை. இன்னொன்று, மினரல் ஆயில் மிச்சம் சில சதவீதத்துக்கு மேல் கலந்திருந்தால் இருக்கிற குணமும் போகும். பழையதை வடித்துவிட்டு அப்படியே புதியதை ஊற்றுவது காசைக் கரியாக்குவது. சில வகைகளில் பீய்ச்சும்போது பனிமூட்டமாகாமல் பெரிய துளிகளாக விழ பாலிமர் சேர்த்திருப்பார்கள். பம்பில் அரைபட்டு அரைபட்டு அந்தப் பாலிமர் நாளடைவில் தேயும். சப்ளையரிடம், 'புதுசில் சரி, ஒரு வருஷம் ஓடின ஆயிலில் தீச்சோதனை எப்படி?' என்று கேளுங்கள். பதிலுக்கு முன்னால் ஒரு மௌனம் வரும், அந்த மௌனத்தின் நீளத்தையும் கவனியுங்கள்.

எஸ்டருக்குத் தண்ணீர்தான் எமன். 0.1 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். தண்ணீரும் சூடும் சேர்ந்தால் பிரிந்து அமிலமாகும், பழைய பலகார எண்ணெய் வாடை வரும். சூடான வால்வு உடம்புகளில், வடைச் சட்டி விளிம்பில் படியுமே, அதே பழுப்புப் பிசின் படியும். தண்ணீர் எங்கிருந்து வரும்? மறுபடியும் அந்த ஆயில் கூலர்தான். ஓட்டை விழுந்த ஒரு டியூப் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை லிட்டர் சாம்பிளை லேபுக்கு அனுப்பி அமில எண், தண்ணீர், பிசுபிசுப்பு மூன்றையும் பார்த்து, புது ஆயிலின் எண்ணோடு ஒப்பிட்டு வைத்தால் சமாளிக்கலாம். வருஷத்துக்கு நாலு முறை செய்கிற வேலை இது. வாட்டர் கிளைக்காலுக்கு 52 முறை.

மாதம் எத்தனை பேரல்?

விலையைப் பற்றி முதலாளி கேட்டபோது நான் திருப்பிக் கேட்டது இதுதான். நாலு மெஷினுக்கும் சேர்த்து டேங்க் கொள்ளளவு 2,800 லிட்டர். மாதம் ஒரு 210 லிட்டர் பேரல் வாங்குவதாகச் சொன்னார். வருஷத்துக்கு 2,520 லிட்டர். அதாவது ஏறக்குறைய நாலு டேங்கையும் வருஷம் ஒருமுறை தரையில் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புகிறார். மினரல் ஆயில் விலையில் அது உறைக்கவில்லை. எஸ்டர் அதைவிடப் பல மடங்கு விலை. அதே ஒழுகலோடு எஸ்டருக்குப் போனால் மூன்றாவது மாதமே, 'சார் சொன்னது கட்டுப்படியாகலை' என்று பழைய பேரல் திரும்பி வந்துவிடும். முதல் நிரப்பலின் விலையைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஒழுகலை நிறுத்திவிட்டு விலை கேளுங்கள்.

ஒழுகலை நிறுத்தப் போனால், எந்தத் திரவமும் மாற்றாமலேயே தீ அபாயம் பாதி குறைவதைப் பார்ப்பீர்கள். இதையும் ஒரு வழியாகவே கணக்கில் எடுக்க வேண்டும். மினரல் ஆயிலிலேயே இருந்துகொண்டு, ஹோஸ்களுக்குத் தேதி ஒட்டி வயசானதைக் கட்டாயம் மாற்றுவது, பர்னஸ் பக்கம் வரும் ஹோஸை ஸ்டீல் பைப்பாக மாற்றுவது அல்லது உறை போடுவது, நடுவே ஒரு தகட்டுத் தடுப்பு, எமர்ஜென்சி சுவிட்சை மெஷினிலிருந்து இருபதடி தள்ளி வாசல் பக்கம் இன்னொன்று, அழுத்தம் திடீரென்று விழுந்தால் பம்ப் தானே நிற்கும்படி ஒரு பிரஷர் சுவிட்ச். பம்ப் நின்றாலும், அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்குமுலேட்டரில் அழுத்தம் மிச்சம் இருக்கும், அதை வடிக்க ஒரு வால்வும் வேண்டும். பல பேர் மறப்பது இதை. இவ்வளவும் சேர்ந்து ஒரு மெஷினுக்கு எஸ்டர் நிரப்பும் செலவை விடக் குறைவாகத்தான் வரும். எந்தத் திரவத்துக்குப் போனாலும் இவற்றை முதலில் செய்யச் சொல்வேன். ஆனால் ஆறடியில் பர்னஸ் இருக்கும்போது இதோடு நின்றுவிடச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

சரி, என்ன சொன்னேன்?

மெஷின்களைப் பார்த்தோம். இரண்டு பழைய மெஷின்களில் வேன் பம்ப், கையேட்டில் வாட்டர் கிளைக்காலுக்கு அனுமதி உண்டு. புதிய 800 டன் மெஷினில் பிஸ்டன் பம்பும், ஆயில் ஓட்டத்தை அளவாகத் திறந்து மூடும் புரொப்போர்ஷனல் வால்வும். வாட்டர் கிளைக்கால் ஊற்றினால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று அதன் கையேடே சொல்கிறது. குறைத்தால், உலோகம் உறையும்போது கொடுக்கும் கடைசி அழுத்தமான இன்டென்சிஃபிகேஷன் போதாமல் காஸ்டிங்கில் ஊசித்துளை வரும், கஸ்டமர் ரிஜெக்ட் பண்ணுவார். அப்போது பழையதற்குக் கிளைக்கால், புதியதற்கு எஸ்டர் என்று பிரிக்கலாமா? ஏட்டளவில் அதுதான் சரியான விடை. நடைமுறையில் ஒரே ஸ்டோரில் இரண்டு பேரல், ஒரே புனல், ராத்திரி ஒரு மணி. எஸ்டரில் கிளைக்கால் கலந்தால் தண்ணீரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து எல்லாவற்றையும் கூழாக்கும். நாலு மெஷின் ஷாப்பில் ஒரு திரவம்தான் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

அங்கே மெயின்டனன்ஸ் என்றால் ஒரே ஒரு ஃபிட்டர். கெட்டிக்காரர், ஆனால் டை மாற்றுவதிலிருந்து கம்ப்ரஸர் வரை எல்லாம் அவர் தலையில்தான். வாராவாரம் நாலு டேங்கில் ரிஃப்ராக்டோமீட்டர் பிடித்து நோட்டில் எழுத அவருக்கு முடியுமா என்று அவரிடமே கேட்டேன். "நாலு வாரம் பாப்பனுங்க சார், அஞ்சாவது வாரம் மறந்துருவன்" என்றார். இந்த நேர்மைக்காகவே அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன். எஸ்டர் என்று முடிவானது அந்தப் பதிலில்தான். தீயில் வாட்டர் கிளைக்கால் உசத்தி என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. கவனிக்க ஆளில்லாத, தண்ணீர் வற்றிய வாட்டர் கிளைக்கால் உசத்தி இல்லை. லேப் உள்ள, ஷிப்டுக்கு ஒரு மெயின்டனன்ஸ் ஆள் உள்ள, டேங்க் உயரத்தில் உள்ள பெரிய ஷாப் ஒன்று இதே கேள்வியோடு வந்தால், யோசிக்காமல் கிளைக்கால் என்றுதான் சொல்வேன்.

ஆயுத பூஜை லீவில் 800 டன் மெஷினை மட்டும் முதலில் மாற்றினோம். அதற்கு முன்பே கூலரைக் கழற்றி அமிலம் விட்டுக் கழுவி, அழுத்தம் கொடுத்து டியூப் சோதித்தாயிற்று. பிரஷர் சுவிட்சும் தகட்டுத் தடுப்பும் போட்டாயிற்று. பழைய ஆயிலைச் சூடாக இருக்கும்போதே வடித்தோம். சிலிண்டர்களின் கடைசி முனை, அக்குமுலேட்டர், கூலர் அடிப்பகுதி என்று எங்கெங்கே தேங்குமோ அங்கெல்லாம் திறந்துவிட்டோம். டேங்கைத் துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட்டை எடுத்து வந்தார்கள், அதைப் பிடுங்கிவிட்டு நூல் பிரியாத துணி கொடுத்தேன். ஒரு நூல் போதும், புரொப்போர்ஷனல் வால்வு சிக்கிக்கொள்ள. கொஞ்சம் எஸ்டரை ஊற்றி எல்லா சிலிண்டரையும் முழு நீளத்துக்கு ஓட்டி, அதையும் வடித்த பிறகுதான் முழு நிரப்பல். கழுவி எடுத்த அந்தக் கலவையைக் கொட்டவில்லை, பர்னஸிலிருந்து தூரத்தில் இருக்கும், வார்ப்பின் ஓரம் வெட்டும் டிரிம்மிங் பிரஸ்ஸுக்கு ஊற்றிக்கொண்டார்கள். இரண்டும் கலக்கும் குணமுள்ளதால் கிடைத்த சின்ன லாபம்.

ஸ்டோரில் எஸ்டர் பேரலுக்கு மஞ்சள் பெயின்ட், அதே மஞ்சளில் ஒரு புனல், இரண்டையும் சேர்த்து ஒரு சங்கிலி. மினரல் பேரல் எதிர்ச் சுவருக்குப் போனது. ஒவ்வொரு மெஷினிலும் ஊற்றும் லிட்டரை எழுத ஒரு நூறு பக்க நோட்டு. மிச்சம் மூன்று மெஷினைப் பற்றி முதலாளி, "பொங்கலுக்குப் பாக்கலாமுங்க" என்றார். போன வாரம் போனபோது நோட்டைப் புரட்டினேன். 800 டன் மெஷினுக்கு இரண்டு மாதத்தில் பதினெட்டு லிட்டர். அதற்கு அடுத்த பக்கத்தில், இன்னும் மினரலில் ஓடும் அந்த 400 டன் மெஷினுக்கு நூற்று நாற்பது.